செருப்புச் சக்கரமும் சிறுதேரும்

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. டீ போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க. மருத்துவம் கொஞ்சம், சரித்திரம் நிறைய, நடுவுல எங்க குடும்பக் கதை ஒண்ணும் வரும்.

போன மே மாசம். சிதம்பரம் பக்கத்தில் இருக்கிற என் கிளினிக்குக்கு ஒரு அப்பா தன் பையனைத் தூக்கிக்கிட்டு வந்தார். பையனுக்கு நாலரை வயசு. சளி, லேசான காய்ச்சல். பயப்படும்படி எதுவும் இல்லை. அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார்.

பையன் கையில் ஒரு வண்டி. பழைய ஹவாய் செருப்பை வட்டமா வெட்டி நாலு சக்கரம். அச்சுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி. மேலே ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. இழுக்க ஒரு சணல் கயிறு. எண்பதுகளில் வளர்ந்த யாருக்கும் இது என்னன்னு விளக்கவே வேண்டாம்.

ஸ்டெத்தை வைக்கும்போது கவனிச்சேன். ஒரு சக்கரத்தில் மட்டும் ஓட்டை நடுவில் இல்லை, ஓரமா இருந்தது.

"தம்பி, இந்தச் சக்கரத்துல ஓட்டை நடுவுல இல்லையேப்பா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அது குதிக்கிற சக்கரம்" என்றான். என் மேஜை மேல வச்சு தள்ளியும் காட்டினான். வண்டி நொண்டிக் குதிரை மாதிரி ஏறி ஏறி இறங்கிப் போனது.

அப்பாவுக்கு ஒரே சங்கடம். "தூக்கிப் போடுடான்னா கேக்க மாட்டேங்கிறான் சார். எந்நேரமும் கடையிலயே கிடக்கான். படிக்க வேண்டிய வயசுல நட்டு போல்ட்டோட கிடந்தா நாளைக்கு என்னை மாதிரியே ஆயிடுவான்."

இந்தக் கடைசி வரி என்னை விடவே இல்லை. ஏன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல அந்தப் பையன் என்ன செஞ்சான்னு பாருங்க. ஓட்டை நடுவில் இருந்தால் சக்கரம் எப்படி ஓடும், ஓரத்தில் இருந்தால் எப்படி ஓடும்னு மனசுக்குள்ளேயே சுற்றிப் பார்த்துட்டு, வேணும்னே ஓரத்தில் குத்தியிருக்கான். ஒரு பொருளைக் கையால் தொடாமல் மனசுக்குள் திருப்பிப் பார்க்கிற இந்தத் திறமைக்கு இடம்சார் சிந்தனைன்னு பேர்.

ரோஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெட்ஸ்லர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1971-ல் இதை அழகா அளந்து காட்டினார்கள். கட்டைகளை ஒட்டிச் செய்த மாதிரி இரண்டு வடிவங்களின் படம். இரண்டும் ஒன்றா, வேறா என்று சொல்ல வேண்டும். ஒன்றைவிட மற்றது எவ்வளவு அதிகமா திரும்பியிருக்கோ, பதில் சொல்ல அவ்வளவு அதிக நேரம் பிடித்தது. கோணம் கூடக் கூட நேரமும் சீராகக் கூடியது. அதாவது நாம நிஜமாவே உள்ளுக்குள்ள அந்தப் பொருளைச் சுழற்றித்தான் பார்க்கிறோம்.

இது டாக்டர்களுக்கு எவ்வளவு முக்கியம் தெரியுமா? சிடி ஸ்கேன்ல நீங்க பார்க்கிறது ரொட்டித் துண்டு மாதிரி வெட்டிய தட்டையான படங்கள். அதை மனசுக்குள்ள அடுக்கி முழு ஈரலா, முழு மூளையா பார்க்கத் தெரியணும். 2002-ல் லான்செட் இதழில் வந்த ஒரு கனடா ஆய்வு, இடம்சார் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பயிற்சி மருத்துவர்கள் சிக்கலான தையல் முறை ஒன்றை வேகமா கற்றுக்கொண்டார்கள்னு சொன்னது. அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. பயிற்சி கொடுத்து, தப்பைத் திருத்தினதும் பின்தங்கினவங்களும் அவர்களைப் பிடிச்சுட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்குங்க.

இனி என் மானம் போன கதை.

எம்பிபிஎஸ் முதல் வருஷம், உடற்கூறியல் வாய்மொழித் தேர்வு. மேஜை மேல காறை எலும்பு. கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை வரைக்கும் கம்பு மாதிரி போகுமே, அதுதான். கேள்வி ஒண்ணே ஒண்ணு. இது வலப்பக்கத்து எலும்பா, இடப்பக்கத்து எலும்பா? உருண்டையான முனை நெஞ்சுப் பக்கம், தட்டையான முனை தோள் பக்கம், பள்ளம் உள்ள முகம் கீழே. எல்லாம் மனப்பாடம். ஆனா அந்த எலும்பை மனசுக்குள்ள திருப்பி எதிரே நிக்கிற ஆளோட உடம்புல பொருத்தத் தெரியலை. இடது என்றேன். வலது. அடுத்த எலும்புக்கு வலது என்றேன். அது இடது.

என் அறைத்தோழன் அந்த எலும்பை ஒரு தடவை உருட்டினான், சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை. புத்தகத்தை என்னைவிடக் குறைவாகப் படிச்சவன். அவங்க வீட்டில் லேத் பட்டறை. அஞ்சு வயசுல இருந்து அப்பா பக்கத்துல நின்னு, "அதை அப்படியே கவுத்துப் பிடி, இந்த விளிம்பு உன் பக்கம் வரட்டும்" என்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். எனக்கு அப்போ பொறாமையா இருந்தது. காரணம் பல வருஷம் கழிச்சுத்தான் புரிஞ்சது.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

பொம்மை வண்டி நம்ம ஊருல எவ்வளவு பழசு? ஹரப்பாவில் சுட்ட மண்ணில் செய்த குட்டி மாட்டு வண்டிகள் கிடைத்திருக்கு. அது நாலாயிரம் வருஷத்துக்கும் மேல். தமிழில் எழுத்து ஆதாரம் வேணும்னா சங்க இலக்கியத்தைத் திறங்க.

குறுந்தொகை 61-ஆம் பாட்டு. தச்சன் செய்து கொடுத்த சின்னக் குதிரை வண்டி. பிள்ளைகள் அதில் ஏறிப் போக முடியாது. ஆனாலும் கையால் இழுத்துக்கிட்டுப் போறதிலேயே அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். இதை ஒரு தோழி உவமையா சொல்றா. எல்லார் வீட்டிலும் பார்க்கிற ஒண்ணா இருந்தால்தானே உவமை எடுபடும்?

கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதியதாக இரண்டு நீண்ட பாட்டு இருக்கு. இரண்டிலும் பொம்மைத் தேர் வருது. மனுஷன் குழந்தைகளை நல்லா கவனிச்சிருக்கார். பெரும்பாணாற்றுப்படையில், தச்சன் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேரைத் தள்ளாடும் நடையோட உருட்டிக் களைச்சுப்போன குழந்தைகள் பால் குடிச்சுட்டுத் தூங்கிடுதுங்க. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம். காயப் போட்டிருக்கிற தானியத்தைக் கொத்த வந்த கோழி மேல பெண்கள் காதுக் குழையைக் கழற்றி வீசுறாங்க. அந்தத் தங்கக் குழை, சின்னப் பையன்கள் உருட்டிக்கிட்டு வர்ற தேரோட சக்கரத்தைத் தடுக்குது. ஊர் எவ்வளவு பணக்கார ஊர்னு சொல்றதுக்காக எழுதினது. எனக்கு அதில் பிடிச்சது வேற. அந்தத் தேருக்கு மூணு சக்கரம்னு புலவர் கணக்குச் சொல்றார்.

மூணு சக்கரம், தள்ளாடும் நடை, தச்சன் கைவேலை. உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எனக்கு நடைவண்டிதான். நம்ம தச்சுப் பட்டறைகளில் இன்னைக்கும் செய்யற, முன்னால ஒண்ணு பின்னால ரெண்டு சக்கரம் வச்ச மர வண்டி. ஏன் மூணு? நாலு கால் ஸ்டூல் மேடு பள்ளத் தரையில் ஆடும், முக்காலி ஆடாது. சாணம் மெழுகின தரைக்கும் மண் முற்றத்துக்கும் மூணுதான் சரி. இதை யாரும் சூத்திரமா எழுதி வைக்கலை, தச்சனுக்குத் தெரிஞ்சிருந்தது.

(இடையில் ஒரு மருத்துவக் குறிப்பு. நடைவண்டி வேற, கடையில் விற்கிற, குழந்தையை உள்ளே உட்கார வைக்கிற பிளாஸ்டிக் வாக்கர் வேற. நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்னு தள்ளும். வாக்கரில் தொங்கிக்கிட்டு கால் விரலால் உந்தும். அது நடையைச் சீக்கிரம் கொண்டு வராது. படியில் உருண்டு தலையில் அடிபட்டு வரும் குழந்தைகளை நாங்க பார்க்கிறோம். கனடா 2004-லேயே அதை விற்கக் கூடாதுன்னு தடை போட்டுடுச்சு. தயவுசெய்து வாங்காதீங்க. நடைவண்டிக்கும் பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்.)

சங்க காலத்தோட இது முடியலை. பிள்ளைத்தமிழ் கேள்விப்பட்டிருப்பீங்க. கடவுளையோ அரசனையோ குழந்தையா வச்சுப் பாடுறது. ஆண் குழந்தைக்கு உள்ள பத்துப் பருவத்தில் கடைசி, சிறுதேர் உருட்டுவது. அதாவது தேர் உருட்டத் தெரிஞ்சாச்சுன்னா குழந்தைப் பருவம் முடிஞ்சதுன்னு கணக்கு!

நமக்குக் கிடைத்திருக்கிற முதல் பிள்ளைத்தமிழ் ஒட்டக்கூத்தர் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கன் மேல பாடினது. இந்தக் குலோத்துங்கன் யார்? தில்லைக் கோயில் திருப்பணிக்காகப் பேர் வாங்கினவன். சேக்கிழார் பெரியபுராணத்தைச் சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றினது இவன் காலத்தில்தான்னு மரபு. ஆக, முதல் பிள்ளைத்தமிழின் பாட்டுடைத் தலைவன் நம்ம ஊர் ஆளு மாதிரி.

நம்ம பக்கத்துக்கும் தேருக்கும் உள்ள உறவு கொஞ்சநஞ்சமில்லை. சிதம்பரம் கோயிலுக்குள்ள நிருத்த சபையைப் பார்த்திருக்கீங்களா? அந்த மண்டபமே ஒரு தேர், கல்லில் சக்கரமும் குதிரையும் உண்டு. காட்டுமன்னார்கோவில் பக்கம் மேலக்கடம்பூருக்குப் போங்க. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கோயில், கருவறையே சக்கரம் வச்ச தேர். தேரைக் கல்லில் செதுக்கணும்னா மரத் தேரை நாலு பக்கமும் மனசுக்குள்ள சுத்திப் பார்த்தவன்தான் செய்ய முடியும்.

நிஜத் தேரோ வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஆனியிலும் மார்கழியிலும் ஓடுது. அஞ்சு தேர், நாலு வீதி. அந்த வீதிகளுக்குப் பேரைப் பாருங்க: கீழவீதி, தெற்கு வீதி, மேலவீதி, வடக்கு வீதி. தேர் போனதுக்கு மறுநாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் தேர் கட்டுவோம். அட்டைப்பெட்டி, வேப்பங்குச்சி, கலர் பேப்பர். எங்க தெருவில் ஒரு அண்ணன் செஞ்ச தேர் ரெண்டு வீடு தள்ளிக்கூடப் போகாம சாய்ஞ்சுடும். கோபுரத்தை உயரமா வச்சு அடியை அகலமா வைக்கலைன்னு அவருக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான் பிடிபட்டது.

தேரோட்டத்தில் நான் எப்பவும் பார்க்கிறது சாமியை இல்லை, மன்னிச்சுக்குங்க. சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுற ஆட்களைத்தான். தமிழில் முட்டுக்கட்டைன்னா தடங்கல்னு பேசுறோம். ஆனா தேருக்கு அதுதான் ஸ்டியரிங். அது இல்லாம தேர் ஒரு மூலைகூடத் திரும்பாது.

இங்கே ஒரு வேடிக்கை. மெக்சிகோவில், ஐரோப்பியர் வர்றதுக்கு முன்னாடி, சுமை ஏற்றும் வண்டி கிடையாது, எல்லாம் முதுகில்தான். ஆனா டிரெஸ் சபோட்டஸ் என்ற ஊரில் தோண்டினப்போ சக்கரம் வச்ச மண் பொம்மைகள் கிடைத்தன. வண்டியே இல்லாத நாட்டில் பொம்மை வண்டி ஓடியிருக்கு.

ஜெர்மனியில் பிரெடரிக் பிரோபல் 1837-ல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் மரக்கட்டைகளைப் பரிசு என்ற பேரில் கொடுத்தார். கிண்டர்கார்டன் அங்கிருந்து வந்ததுதான். பெரிய கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், அம்மா வாங்கித் தந்த அந்தக் கட்டைகள்தான் தன் கைக்குள்ளேயே தங்கிடுச்சுன்னு பின்னாளில் சொன்னார். அங்கே காசு கொடுத்து வாங்கினதை இங்கே பனைமரம் சும்மா கொடுத்தது.

நுங்கு வண்டி! கடலூர் பக்கம் கோடையில் நுங்கு குடிச்ச பிறகு மிச்சமாகும் ரெண்டு கூடு, நடுவில் ஒரு குச்சி, தள்ள ஒரு கவட்டைக் கம்பு. செஞ்சு பாருங்க, எத்தனை கேள்வி வருதுன்னு தெரியும். குச்சி நடுவில் போகலைன்னா வண்டி ஆடும். ஒரு கூடு பெருசு, ஒண்ணு சிறுசா இருந்தா வண்டி சிறுசு பக்கமாவே வளைஞ்சு போகும். கூடு குச்சியில் இறுகிப் பிடிச்சுட்டா நேரா போகும், ஆனா திருப்பினா இழுத்துக்கும். கவட்டை ரொம்ப இறுக்கமா இருந்தா ஓடாது. இதையெல்லாம் ஒரு ஏழு வயசுப் பிள்ளை பத்து நிமிஷத்தில் கண்டுபிடிச்சுத் திருத்தும். பக்கத்தில் ஒரு மாமாவோ தாத்தாவோ அரிவாளோட உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் மேல குத்து, அந்த ஓரமா இல்ல, இந்த ஓரமா" என்பார்.

அந்தப் பேச்சுதான் முக்கியம்னு இப்போ ஆய்வு சொல்லுது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் சூசன் லெவைன் குழுவினர் வீடுகளுக்கே போய் அம்மா அப்பா குழந்தையோட சாதாரணமா இருக்கிறதை வருஷக்கணக்கில் வீடியோ எடுத்தாங்க. 2011-ல் வந்த முடிவு: ஓரம், மூலை, வளைவு, உயரம், வட்டம் மாதிரி வார்த்தைகளைப் பெற்றோர் அதிகம் பேசின வீட்டில் குழந்தையும் அதிகம் பேசியது. அப்படிப் பேசின குழந்தைகள் நாலரை வயசில் வடிவங்களைத் திருப்பிப் பார்க்கும் சோதனையில் நல்லா செஞ்சாங்க. 2012-ல் இன்னொன்று: ரெண்டு வயசுக்கும் நாலு வயசுக்கும் நடுவில் வீட்டில் துண்டுப் படம் சேர்த்து விளையாடின குழந்தைகளும் அப்படியே.

இது ஐம்பது சொச்சம் குழந்தைகளைப் பார்த்த ஆய்வு. ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து வருதுன்னுதான் காட்டுது, இதனாலதான் அதுன்னு நிரூபிக்கலை. டாக்டர் சொன்னார்னு நாளைக்கே "செருப்பு வண்டி செஞ்சா ஐஐடி சீட்"னு வாட்ஸ்அப்பில் போடாதீங்க. ஆனா 2013-ல் 217 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இந்தத் திறமை பயிற்சியால் வளருதுன்னும், சில மாசம் கழிச்சும் நிக்குதுன்னும் தெரிஞ்சது. பிறவியிலேயே வந்தால்தான் உண்டு என்ற கதை அத்தோட காலி.

நம்ம மொழிக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு இருக்கு. தொண்ணூறுகளில் நெதர்லாந்தின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இருந்த எரிக் பெடர்சன் தமிழ்நாட்டில் ஆய்வு செஞ்சார். கிராமத்து ஆட்கள் மேஜை மேல இருக்கிற பொருளைக்கூட "கிழக்கால தள்ளி வை" என்பாங்க. நகரத்து ஆட்கள் "வலது பக்கம்" என்பாங்க. பொம்மை மிருகங்களை வரிசையா வச்சுக் காட்டி, ஆளை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி, அதே மாதிரி அடுக்கச் சொன்னார். திசை சொல்லிப் பழகினவர்கள் திசை மாறாமலும், வலது இடது சொல்லிப் பழகினவர்கள் தன் உடம்பை வச்சும் அடுக்கும் போக்கு தெரிஞ்சது. பேசுற பழக்கம் யோசிக்கிற பழக்கத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு.

என் பாட்டி "அந்தச் சொம்பைத் தெக்கால நகர்த்துடா" என்பார். நான் முழிப்பேன். பாட்டிக்கு வீட்டுக்குள்ளேயும் சூரியன் எந்தப் பக்கம்னு தெரியும்.

பெண் குழந்தைகளைப் பத்திச் சொல்லாம போனா பாதிக் கதைதான். பிள்ளைத்தமிழ் ஆணுக்குத் தேரும் பறையும் கொடுத்துட்டு, பெண்ணுக்கு அம்மானை, ஊசல்னு பிரிச்சது. ஆனா ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம்னு ஒண்ணு இருக்கு. சின்னப் பெண்கள் மணலில் வீடு கட்டுவாங்க. பையன் வந்து காலால் உதைப்பான். "எங்க வீட்டைச் சிதைக்காதே"ன்னு கெஞ்சுவாங்க. ஆண்டாளும் இதைப் பாடியிருக்கார். கவனிங்க, இந்தக் காட்சியில் இன்ஜினியர் யாரு? பெண்கள்தான். பையன் இடிக்கிற பார்ட்டி. தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தா இந்தப் பருவத்தை லைவ்வா பார்க்கலாம்.

அப்புறம் கோலம். புள்ளி வச்சு, இல்லாத கோட்டை மனசில் போட்டு, ஒரே இழையில் சுத்தி வர்றது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவர் குழுவும் எழுபதுகளில் கோலத்தை வச்சுக் கணினி இலக்கணமே எழுதினாங்க. வாசலில் அம்மா கைபிடிச்சுப் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிறது உலகக் கணித இதழ்களுக்குப் போச்சு. அந்தப் பொண்ணுங்களை மட்டும் "கணக்கு வராது"ன்னு சொல்லி வச்சோம்.

இப்போ நீங்க கேட்க நினைக்கிற கேள்வி எனக்குத் தெரியும். "அப்பனோட பட்டறையில் பிள்ளை உட்காரணும்னா, அது குலக்கல்விதானே டாக்டர்?"

நியாயமான கேள்வி. பூசி மெழுகக் கூடாது.

1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தப்போ கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டு வந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூணு மணி நேரம். மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கத்துக்கணும். பெரியாரும் திமுகவும் இதைக் குலக்கல்வின்னு சொல்லி எதிர்த்தாங்க, காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த 1953-ல் என் அப்பாவுக்கு ஒன்பது வயசு. என் தாத்தா தச்சர். சிதம்பரத்தைச் சுத்தி இருக்கிற ஊர்களில் கதவு நிலை, ஏர்க்கலப்பை, நடைவண்டி எல்லாம் செய்வார். பாதி நாள் பள்ளிக்கூடம்னு சொன்னதும் தாத்தா செஞ்சது என்ன தெரியுமா? மீதி நாளில் அப்பாவைப் பட்டறைக்குள்ளேயே விடலை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் சிலேட்டோட உட்கார வச்சார். உளியைத் தொட்டா அடி. "இது என்னோட போகட்டும்" என்பாராம்.

தாத்தா செஞ்சது சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிதம்பரத்துக்காரங்களுக்குப் பள்ளிக்கூடத்தோட அருமையை யாரும் சொல்லித் தர வேண்டாம். சுவாமி சகஜானந்தா 1910-களிலேயே இங்கே நந்தனார் பேரில் பள்ளி தொடங்கி, கோயில் வாசலே மறுக்கப்பட்ட பிள்ளைகளைப் படிக்க வைத்த ஊர் இது. அப்பன் தொழிலில் இருந்து வெளியே வர்ற வாசல் பள்ளிக்கூடம் ஒண்ணுதான். அந்த வாசலில் பாதியை அடைச்சா யாருக்குக் கோபம் வராது? அப்பா படிச்சார், அரசாங்க வேலைக்குப் போனார். நான் டாக்டர் ஆனேன். தாத்தா தடுக்காம இருந்திருந்தா இந்தப் பதிவை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

ஆனா அப்பா அந்தப் பயத்தையும் கூடவே எடுத்துக்கிட்டு வந்தார். எங்க வீட்டில் ஒரு ஸ்குரூ டிரைவர் கிடையாது. நான் ரேடியோவைப் பிரிச்சப்போ விழுந்த அடி இன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுவார். தச்சர் பேரன், காறை எலும்பை எந்தப் பக்கம்னு சொல்லத் தெரியாம நின்னது அப்படித்தான். அப்புறம் விடுதியில் அந்த லேத் பட்டறைத் தோழன் ராத்திரி ராத்திரியா என் கண்ணைக் கட்டிட்டு எலும்பைக் கையில் கொடுத்துப் பழக்கினான். ரெண்டு மாசத்தில் வந்துடுச்சு. பதினெட்டு வயசிலும் வரும். லான்செட் ஆய்வு பின்னாடி சொன்னதை அவன் எனக்கு முன்னாடியே காட்டிட்டான்.

குலக்கல்வியின் தப்பு பிள்ளை கையில் உளி இருந்தது இல்லை. யார் கையில் உளி, யார் கையில் புத்தகம்னு பிறப்பைப் பார்த்துப் பிரிச்சதுதான். தச்சன் பிள்ளைக்கு முழு நாள் பள்ளிக்கூடம் வேணும். வக்கீல் பிள்ளைக்கும் ஒரு சுத்தியல் வேணும். நம்ம ஊரில் என்ன நடந்தது? சுத்தியல் இருந்த வீடும் அதை ஒளிச்சு வச்சது. இல்லாத வீடு ரெண்டாயிரம் ரூபாய்க்கு "மூளை வளர்ச்சிப் பொம்மை" வாங்குது. அதிலும் அப்பா அம்மா பக்கத்தில் உட்காராம குழந்தைகிட்ட கொடுத்துட்டு போனைப் பார்க்கிறாங்க.

அன்னைக்கு அந்த அப்பாகிட்ட இவ்வளவும் சொல்லலை. வெளியே இருபது பேர் டோக்கனோட உட்கார்ந்திருந்தாங்க. பாராசிட்டமால் எழுதினேன். "பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள்கூட லீவு போடாம அனுப்புங்க. சாயங்காலம் கடைக்கு வந்தா விரட்டாதீங்க. ஒரு வேலை செய்யும்போது என்ன செய்றீங்கன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. கம்ப்ரஸர், கிரைண்டர் பக்கம் மட்டும் விடாதீங்க, கண்ணுல துகள் போயிடும்" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பின மாதிரி தெரியலை. "நீங்க டாக்டரு, நீங்க சொல்லலாம் சார்" என்றார். பதில் சொல்ல முடியலை.

அடுத்து அவர்களைப் பார்த்தது ஆனித் தேர் அன்று. கீழவீதி முடிஞ்சு தெற்கு வீதி தொடங்குற மூலை, கூட்டம்னா கூட்டம். பையன் அப்பா தோளில். தேர் மூலைக்கு வந்து நின்னுடுச்சு. முட்டுக்கட்டை ஆட்கள் சக்கரத்துக்கிட்ட குனியறாங்க.

"அந்தக் கட்டை எதுக்குப்பா?"

நான் ரெண்டு அடி பின்னாடி நின்னேன். அவர் என்னைப் பார்க்கலை.

"தேரு இப்ப தெக்கால பார்த்துக்கிட்டு நிக்குதா? மேற்கால திரும்பணும். வலது பக்கச் சக்கரத்துக்கு முன்னாடி கட்டையைக் கொடுத்தா அந்தச் சக்கரம் தயங்கும். இந்தப் பக்கத்துச் சக்கரம் ஓடிக்கிட்டே இருக்கும். அப்ப தேரு எந்தப் பக்கம் திரும்பும், சொல்லு?"

பையன் பதில் சொல்லலை. வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையை மெதுவா, ரொம்ப மெதுவா, மேற்குப் பக்கமா திருப்பினான்.